லிங்கனின் தாத்தாவைத் தேடி

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆபிரகாம் லிங்கனை அறியாத மாணவர் நம் பள்ளிகளில் அநேகமாக இல்லை. மரக்குடிசையில் பிறந்தவர், வறுமையில் படித்தவர், அடிமை முறையை ஒழித்தவர் என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. அதே பெயர் கொண்ட இன்னொருவரை, அவருடைய தாத்தாவைப் பற்றி. 1744-ல் பிறந்தவர். வர்ஜீனியா படையில் கேப்டன். பிறகு கென்டக்கிக் காட்டில் குடியேறியவர். 1786-ல் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடி வீரர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானவர். பேரன் பிறந்தது 1809-ல். பேரன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

ஆறாம் வகுப்பில் 'வரலாறு என்றால் என்ன?' என்ற பாடத்தில் சான்றுகளைப் பற்றிச் சொல்கிறோம். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறோம். ஒரு சாதாரணக் குடியானவனின் வரலாற்றுக்குக் கல்வெட்டு ஏது? அதற்காகத்தான் இந்த மனிதரை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பேரனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். 1848-ல் லிங்கன் நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் என்ற ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் கடிதம் எழுதினார். அவர் தம் ஊரின் வரலாற்றை எழுதியவர். உங்கள் முன்னோர் யார், எங்கள் ஊர் லிங்கன் குடும்பத்துக்கும் உங்களுக்கும் உறவு உண்டா என்பது அவர் கேள்வி. லிங்கன் தந்த பதில் மிகச் சிறியது. தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்கம் கவுண்டியிலிருந்து 1782 வாக்கில் கென்டக்கி போனார், இரண்டு ஆண்டு கழித்துக் கொல்லப்பட்டார். அவருடைய அப்பா பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர், குவேக்கர் சமயத்தவர் என்று வீட்டில் ஒரு மங்கலான பேச்சு உண்டு. அதற்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை.

லிங்கன் அதோடு விட்டுவிடவில்லை. வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்ற உறவினருக்கு எழுதி விசாரித்தார். பத்தாண்டு கழித்து, 1859-ல், தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது ஒரு நுட்பமான செய்தியைச் சேர்த்தார். ஹிங்கம் லிங்கன்களோடு உறவு காட்ட முயன்றார்கள், ஆனால் இரண்டு குடும்பத்திலும் ஒரே மாதிரிப் பெயர்கள் இருக்கின்றன என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்றார். ஈனாக், லீவை, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று அந்தப் பெயர்களையும் குறிப்பிட்டார். பெயர் ஒற்றுமை மட்டும் சான்றாகாது என்பது அந்த வழக்கறிஞருக்குத் தெரியும். அரசியலில் உயர்ந்துவரும் ஒருவர் பழம்பெரும் குடும்பம் ஒன்றோடு தம்மை இணைத்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை, ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'லிங்கன் தம் மகனின் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம்' நம் பள்ளிகள் பலவற்றில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியர் தின விழாவில் அதை வாசிக்காத ஊர் குறைவு. லிங்கன் எழுதிய அனைத்தையும் திரட்டி 1950-களில் ராய் பாஸ்லர் குழுவினர் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். அந்தக் கடிதம் அவற்றில் இல்லை. கருத்து நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் தம் தாத்தாவைப் பற்றியே ஆதாரம் கேட்ட மனிதரின் பெயரில் ஆதாரமில்லாத கடிதம் ஒன்று உலவுகிறது.

சரி, தாத்தாவுக்கு வருவோம். அவர் எழுதிய நாட்குறிப்பு என்று எதுவும் இல்லை. அவரை நாம் அறிவது நில ஆவணங்களால்தான். 1780-ல் ராக்கிங்கமில் இருந்த தம் நிலத்தை விற்றார். அதே ஆண்டு கென்டக்கியில் 400 ஏக்கர் நிலத்துக்கு வர்ஜீனியா அரசிடம் பணம் கட்டி உரிமைச் சீட்டு வாங்கினார். கென்டக்கி அப்போது தனி மாநிலம் அல்ல, வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. சீட்டு வாங்கினால் போதாது. நிலத்தைத் தேடிப் பிடித்து, அளந்து, பதிய வேண்டும்.

ஜெபர்சன் கவுண்டியில் லாங் ரன் என்ற ஓடைக்கரையில் அவருக்காக நிலம் அளந்த பதிவு கிடைத்திருக்கிறது. நாள் 1785 மே 7. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு இரண்டு பாடவேளை நடத்தலாம். அதில் அவர் பெயர் 'ஆபிரகாம் லிங்க்கார்ன்' என்று இருக்கிறது. எல்லை அடையாளம் செய்தவர் என்ற இடத்திலும் அதே லிங்க்கார்ன்தான். ஆனால் அளவுச் சங்கிலி பிடித்த இருவர், அனனையா, ஜொசையா. அவர்களுடைய குடும்பப் பெயர் 'லிங்கன்' என்றே இருக்கிறது. ஒரே தாளில், ஒரே குடும்பத்துக்கு இரண்டு எழுத்து! காதில் விழுந்ததை எழுதினார்கள். நம் மாணவரின் ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் மூன்றாவது பெயர் என்று தலையில் கை வைக்கிறோமே, அது புதிதல்ல. 'லிங்கன்' என்று மட்டும் தேடுகிறவர் கண்ணில் இந்தத் தாள் படவே படாது.

எல்லைகளைப் பாருங்கள். நம் ஊரில் எல்லைக்கல் நடுவோம். அங்கே மரம்தான் எல்லை. ஓடைக்கரையில் சர்க்கரை மேப்பிள் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை தூரம் போனால் பாப்ளார், அப்புறம் பீச் என்று மரத்துக்கு மரம் போகிறது. மரம் விழுந்தால் எல்லை எங்கே? ஒரே நிலத்தை மூன்று பேர் அளந்து பதிந்திருந்தால்? கென்டக்கியில் அதுதான் நடந்தது, வழக்குகள் குவிந்தன. பின்னாளில் இந்தத் தாத்தாவின் மகன் தாமஸ், அதாவது குடியரசுத் தலைவரின் அப்பா, நிலங்களை வாங்கி உரிமைத் தகராறுகளில் சிக்கினார். 1816-ல் குடும்பத்தோடு இந்தியானாவுக்குப் போனார். அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று மகன் எழுதியிருக்கிறார். அங்கே நில அரசாங்கமே சதுரம் சதுரமாக அளந்து விற்றது.

இனி கொலைக்கு வருவோம். லிங்கன் குடும்பத்தில் தலைமுறையாகச் சொன்ன கதை இது. தாத்தாவும் மூன்று மகன்களும் வயலில் இருந்தார்கள். காட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தது, தாத்தா விழுந்தார். நடு மகன் ஜொசையா உதவி கேட்டுப் பக்கத்துக் காவல் குடியிருப்புக்கு ஓடினான். மூத்தவன் மொர்தெகாய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான். கடைக்குட்டி தாமஸ் அப்பாவின் உடல் அருகிலேயே நின்றான். அவனைத் தூக்கிப் போக வந்த வீரனை மொர்தெகாய் சுட்டு வீழ்த்தினான். தாமஸ் இதைத் தம் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாக் கதைகளையும்விட இதுவே தம் மனத்தில் ஆழப் பதிந்தது என்று லிங்கன் உறவினர் ஒருவருக்கு எழுதினார்.

குடும்பக் கணக்கில் இது நடந்தது 1784-ல், தாமஸுக்கு ஆறு வயது. ஆனால் 1785 மே மாதத்தில் தாத்தா ஓடைக்கரையில் எல்லை மரம் குறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாள் அதைச் சொல்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் 1786 மே என்று முடிவுக்கு வந்தார்கள். தாமஸுக்கு எட்டு வயது. ஒரு நில அளவைப் பதிவு குடும்பக் கதையைத் திருத்துகிறது. அதே நேரம், ஓடிய மகன், நின்ற மகன், சுட்ட மகன் என்பதெல்லாம் கதையில்தான் இருக்கிறது. கதை பொய் என்று தள்ளிவிட்டால் அந்தச் சிறுவன் நின்ற இடம் நமக்குக் கிடைக்காது.

ஆண்டு முக்கியமா என்று கேட்பீர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது வர்ஜீனியாவின் பழைய சட்டம். 1785-ல் அதை மாற்றிப் புதிய சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. தாத்தா இறந்தது அதற்கு ஏறத்தாழ எட்டு மாதம் முன்பு. நிலம் மொர்தெகாய்க்குப் போயிற்று. தாமஸ் கூலி வேலை செய்து, ஊர் ஊராக அலைந்து, பள்ளிக்கூடமே பார்க்காமல் வளர்ந்தார். லிங்கன் பிறந்த அந்த மரக்குடிசைக்குப் பின்னால் இந்தச் சட்டத் தேதியும் இருக்கிறது.

சுட்டவன் யார்? குடும்பக் கதையில் அவனுக்குப் பெயர் இல்லை, 'ஓர் இந்தியன்', அவ்வளவுதான். அவன் பக்கத்தையும் வகுப்பில் சொல்ல வேண்டும். ஓஹையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த இந்த நிலத்தை 1768-ல் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இரோகுவா மக்கள். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்கள் அதை ஏற்கவே இல்லை. ஒருவர் நிலத்தை இன்னொருவர் எழுதிக்கொடுத்ததைப் போல! தாத்தா இறந்த அதே 1786-ன் இலையுதிர் காலத்தில் கென்டக்கிப் படையினர் ஆற்றைக் கடந்து ஷானி ஊர்களை எரித்தார்கள். சரணடைந்து நின்ற மொலுந்தா என்ற முதிய தலைவரை ஓர் அதிகாரி வெட்டிக் கொன்றார். 400 ஏக்கர் சீட்டில் இது எதுவும் எழுதியிருக்காது.

மேல் தலைமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியா, ஹட்சின்சன் என்ற இருவரும், பிறகு வால்டோ லிங்கன் என்பவரும் உயில்களையும் கிரயப் பத்திரங்களையும் ஊர் ஊராகத் தேடிச் சங்கிலியைக் கோத்தார்கள். கேப்டன் ஆபிரகாமின் அப்பா ஜான், பென்சில்வேனியாவிலிருந்து 1768 வாக்கில் வர்ஜீனியா வந்தவர். ஜானின் அப்பா மொர்தெகாய், பென்சில்வேனியாவில் இரும்புத் தொழில் செய்து 1736-ல் இறந்தவர். அவர் தம் உயிலில் நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை ஜானுக்கு எழுதிவைத்தார். பென்சில்வேனியாக்காரருக்கு ஜெர்சியில் ஏன் நிலம்? அவர் அந்த வழியாக வந்தவர் என்பதால். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் மாசசூசெட்ஸில் இன்னொரு மொர்தெகாய், அவருக்கு மேல் சாமுவேல். 1637-ல் இங்கிலாந்திலிருந்து வந்து ஹிங்கமில் குடியேறிய நெசவாளர். சாலமன் லிங்கன் சந்தேகப்பட்டது சரிதான்! ஆனால் அது சரி என்று தெரிந்தபோது கேட்டவரும் இல்லை, பதில் எழுதியவரும் இல்லை.

தம் பெற்றோர் திருமணப் பதிவையும் லிங்கன் காணவில்லை. இது அவருக்கு வலியான செய்தி. பெற்றோர் முறையாக மணந்தவர்கள் அல்லர் என்று அரசியல் எதிரிகள் வதந்தி பரப்பினார்கள். பெற்றோர் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் தேடியபோது கிடைக்கவில்லை. திருமணம் நடந்தது பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில், 1806 ஜூன் 12-ல். நடத்திவைத்த ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் ஒப்பமிட்ட பட்டியல் ஸ்பிரிங்பீல்டு நீதிமன்றக் கட்டுகளில் பத்திரமாகவே இருந்தது. அது வெளியே வந்தபோது லிங்கன் கொல்லப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் வட்டம் மாதிரி. சார்பதிவாளர் அலுவலகம் மாறினால் வில்லங்கச் சான்றில் எதுவும் வராது என்பது நிலம் வாங்கிய உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது வேலைக்கு வருவோம். தாத்தா இறந்தபின் அவர் மனைவி பாத்ஷெபா பிள்ளைகளோடு நெல்சன் கவுண்டிப் பக்கம் போய்விட்டார். ஆகவே சொத்துப் பட்டியல் அந்த நீதிமன்றத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி, குழுவுக்கு ஒன்றாக உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டு குதிரைகள், கன்றுகளோடு பசுக்கள், கலப்பை, மூன்று களைக்கொத்துகள், சணல்நார் நூற்கும் இராட்டை, இஸ்திரிப் பெட்டிகள், வெள்ளீயத் தட்டுகள், தோல் பதனிடும் கத்தி, துளைக் கருவிகள், துப்பாக்கிகள், இறகு மெத்தை. இவற்றை யார் யார் பயன்படுத்தியிருப்பார்கள், அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று பேசி எழுதுங்கள். பட்டியலில் வராத பொருள் என்னென்ன, ஏன் வரவில்லை என்பதையும் தனியாகக் குறியுங்கள். இருபது நிமிடம் தருகிறேன். அதன் பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து வாசிக்கலாம்.