ஜோன்ஸ்டவுன் வெள்ளமும் விட்மனின் கவிதையும்



இன்று நாம் நோக்கவிருக்கும் கவிதையைப் புரிந்துகொள்ள, அதற்குக் காரணமான ஊரின் கதையை முதலில் அறிய வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இரண்டு ஆறுகள் கூடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே அமைந்தது ஜோன்ஸ்டவுன். பூர்வீகக் குடிகளின் கிராமம் ஒன்றிருந்த அவ்விடத்தில், சுவிற்சர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஜோசப் ஜோன்ஸ் 1800ஆம் ஆண்டு ஊருக்கான திட்டத்தை வகுத்தார். பின்னர் கால்வாய் வந்தது. புகையிரதப் பாதை வந்தது. 1852இல் கம்பிரியா இரும்புக் கம்பனியும் தோன்றியது. ஆலைக்கும் வீடுகளுக்கும் நிலம் வேண்டி ஆற்றங்கரைகளை நிரப்பினார்கள், மலைக்காடுகளை வெட்டினார்கள். ஆறு ஒடுங்க, வெள்ளம் அடிக்கடி தெருவுக்கு வந்தது.

ஊருக்கு 14 மைல் மேலே மண் அணை ஒன்று இருந்தது. கால்வாய்க்கு நீர் வழங்க மாநில அரசு கட்டிய அதனைப் பிற்காலத்தில் செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகமொன்று வாங்கியது. கார்னகி, பிரிக் போன்ற பெருமுதலாளிகள் அதன் அங்கத்தவர்கள். நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்னரே கழற்றி விற்கப்பட்டிருந்தன. கழகம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. வண்டிகள் செல்வதற்காக அணையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்க, மிகை நீர் வழியும் வானிலே கம்பி வலை இடப்பட்டது.

1889 மே 31ஆம் திகதி, பெருமழையினால் அணை உடைந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஊரை அடைந்தது. இறந்தோர் 2,209 பேர். கற்பாலத்தில் குவிந்த இடிபாடுகள் தீப்பற்றியமையால், நீருக்குத் தப்பியோர் சிலர் நெருப்புக்கு இரையாயினர். அடையாளம் தெரியாத 700க்கும் மேற்பட்டோர் மலைமேல் அடக்கஞ் செய்யப்பட்டனர்.

ஒரு வாரத்தினுள் வோல்ட் விட்மனின் 'மரணத்திலிருந்து ஒரு குரல்' நியூயோர்க் நாளேடொன்றில் வெளிவந்தது. அதில் மரணமே பேசுகிறது. மனிதரிடையே எழுந்த இரக்கத்தைக் கவிஞர் போற்றுகிறார். செழிப்பின் இறுமாப்பிலிருந்த தம் நாட்டை, அழிவையும் நெஞ்சில் ஏற்கும்படி கேட்கிறார். உயர்ந்த கவிதைதான். ஆனால் அணையைக் கவனியாது விட்டவர்கள் அதில் இல்லை.

நீதிமன்றங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அழிவு கடவுளின் செயலாகக் கொள்ளப்பட்டது. வழக்குத் தொடர்ந்தோர் கழகத்திடமிருந்து நட்டஈடு பெறவில்லை. 1936இலும் 1977இலும் மீண்டும் பெருவெள்ளம் வந்தது.

செய்தி வந்த சூட்டில் பாடிய கவிஞரை நாம் குறை கூறுவதற்கில்லை. எனினும், அழிவைப் பாடுவது இலக்கியத்தின் ஒரு பாதியே. அது எவர் கையால் நேர்ந்தது என்று கேட்பது மறு பாதி. அக்கேள்வி எழாதவிடத்து, இரக்கம் குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடும்.