கடற்கரை மணலில் ரோசா



இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் காலையில் நடந்தால், மதிலுக்கு மேலால் ஒரு ரோசா எட்டிப் பார்க்கும். கால் தானாக நிற்கும்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய், ஆசையோடு கன்று வாங்கி வருகிறோம். அது 6,000 அடிக்கு மேலே, குளிரில் வளர்ந்த பிள்ளை. நம் வெயிலில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம்! அதைவிட, பக்கத்து வளவில் பல வருடம் பூக்கிற செடியில் ஒரு தடி கேட்டு வாங்கி நடுங்கள். நம் காற்றுக்கும் மண்ணுக்கும் பழகியது அது.

நம்முடைய சிக்கல் மணல். ஊற்றிய தண்ணீரும் போட்ட பசளையும் அப்படியே கீழே இறங்கிவிடும். குழியை ஆழமாக வெட்டி, மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அடியில் சருகு மூடியிருந்தால் ஈரம் நிற்கும். இன்னொன்று, ரோசாவுக்கு உப்பு ஆகாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனது நினைவிருக்கும். உங்கள் கிணறு இன்னும் உவர்ப்பென்றால், மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

மாரி மழை ஓய்ந்ததும் கவாத்துப் பண்ணலாம். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குச் சற்று மேலே, சரிவாக வெட்டுங்கள். தண்ணீரைக் காலையிலேயே அடியில் ஊற்றுங்கள். இரவில் இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி வரும்.

கலியாண வீட்டில் தெளிக்கிற பன்னீரும் ரோசாதான். அதற்கான பூவை விடியலிலேயே பறிப்பார்கள். வெயில் ஏறினால் வாசம் குறைந்துவிடும். உங்கள் வீட்டுப் பூவையும் விடியலிலேயே போய் முகர்ந்து பாருங்கள்.