மாத்திரை தெருமுனையோடு நிற்கக் கூடாது

(இளைஞர் பயிலரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் காலனிக்கு வரும் நர்சம்மா, தெருமுனைப் புளிய மரத்தடியிலேயே நின்றுகொள்வார். அங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் போய் வாங்கிவர வேண்டும். ஒருநாள் எங்கள் பெரியப்பாவின் பெயரோடு ‘டி.பி. மாத்திரை’ என்பதையும் சேர்த்துக் கூப்பிட்டார். அதன்பிறகு பெரியப்பா மரத்தடிக்குப் போகவே இல்லை. அடுத்த தை மாதம் அவர் உயிரோடு இல்லை. அவரைக் கொன்றது கிருமியா, அந்தப் பத்து வீட்டுத் தூரமா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காசநோய் குணமாகக்கூடிய நோய். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் நாள்தோறும் கூட்டு மருந்து எடுத்தால் நீண்ட காலம் நலமாக வாழலாம். இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பிறகு ஏன் சாகிறார்கள்?

விடை சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஓராண்டு சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவு, ஓய்வு, காற்றோட்டத்தோடு மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே அதே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது: குணமடைந்தோர் அளவில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு உலகமே காசநோய்க்கு வீட்டிலிருந்தபடி சிகிச்சை அளிக்கத் தொடங்கியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், உள்ளே போனார்கள், மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். கட்டில் தேவையில்லை என்பதைப் பிடித்துக்கொண்ட நாம், வீடு தேடிப் போக வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். கூடவே, சோறும் முக்கியமில்லை என்ற நினைப்பு பரவியது. அது எவ்வளவு தவறு என்பதை 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியது: நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

காற்றில் பரவும் நோய் சாதி பார்க்காது என்பார்கள். காற்றே நுழையாத ஒற்றை அறை வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? கல்குவாரித் தூசி யார் நுரையீரலில் படிகிறது? அரை வயிற்றோடு தூங்குவது யார்? கிருமி பார்க்காத சாதியை நம் ஊர் அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

எச்.ஐ.வி.யும் இதே பாதையில்தான் வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்த உடலில் காசநோய் எளிதாகப் புகும், எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான். தாம்பரம் மருத்துவமனையில் 2004இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது பெரிய வெற்றி. ஆனால் தொலைவில் உள்ள மையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். பக்கத்து நிலையத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் மருந்து நின்றுபோகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். துணை சுகாதார நிலையம் காலனி மக்கள் தயங்காமல் நுழையும் இடத்தில் இருக்க வேண்டும். இரு நோய்களுக்கும் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் தவிக்கும் களப்பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர் நம் தெருவை எப்படி முழுமையாக அறிவார்? நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும். இது சலுகை அல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தரும் உரிமை.

தோழர்களே, ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எத்தனை பணியிடம் காலி என்று கேளுங்கள். காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காகத் தர வேண்டிய மாதம் 1,000 ரூபாய் வந்து சேர்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கையோடு சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர் பெயரைத் தெருவில் நின்று கூப்பிடாதீர்கள். வீட்டுக்குள் போய், உட்கார்ந்து பேசுங்கள்.