ஒரு காட்டுக்குச் சூட்டிய மலர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டம் பத்தாண்டு நிறைவையொட்டி மலர் வெளியிடும் இவ்வேளையில், வேறொரு மலரைப் பற்றிச் சொல்லித் தொடங்க விரும்புகிறேன். சான்றோர்க்கு மலர் வெளியிடுவது வழக்கம். மன்றங்களுக்கு வெளியிடுவதும் வழக்கம். 1855ஆம் ஆண்டில் பாரிஸில் வெளிவந்த ஒரு மலரோ, ஒரு காட்டின் பெயரைத் தாங்கி, அக்காட்டில் ஒற்றையடிப் பாதைகள் வகுத்த ஒருவர்க்குக் காணிக்கையாக்கப்பட்டது. விக்டர் ஹியூகோ, லமார்த்தீன், ஜார்ஜ் சாண்ட், கோத்தியே, நெர்வால், போதலேர் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதில் எழுதினர். அந்தக் காடு ஃபோந்தென்புளோ. அதன் வடமேற்கு விளிம்பில் இருப்பது பார்பிசோன் என்னும் சிற்றூர். அந்தக் காடும் ஊரும் எழுதுகோல் பிடித்த நம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றன. அழகைப் பாடுவதால் அழகு காக்கப்படுமா? காக்கப்படும் என்றால், அது யாருக்காக?

நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட மரபினர் நாம். ஆகவே முதலில் நிலத்தைப் பார்ப்போம். பாரிஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 17,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது இந்த அரசுக் காடு. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கே கடல் இருந்தது. கடல் விட்டுச்சென்ற வெண்மணலின் மேற்பகுதி இறுகி மணற்கல் ஆயிற்று. அடியிலிருந்த மணலை நீர் அரித்துச் செல்ல, மேலிருந்த பாறை பிளந்து சரிந்தது. யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் குவிந்து கிடக்கும் பாறைகள், அவற்றினிடையே மணல்வெளிகள், புதர்ச் செடிகள் பூத்த மேடுகள், ஓக் மரங்களும் பீச் மரங்களும் ஓங்கிய பழஞ்சோலைகள் எனப் பல நிலங்கள் ஒரு காட்டுக்குள் அடங்கியுள்ளன.

இதைக் கன்னிக் காடு என்று கருதிவிடல் ஆகாது. பிரெஞ்சு மன்னர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடிய காடு இது. அவர்களது அரண்மனை இன்றும் காட்டின் நடுவேயுள்ள நகரில் நிற்கிறது. பாரிஸ் வீதிகளில் பதித்த கற்களில் பெரும்பகுதி இங்கிருந்து வெட்டிச் சென்றவை. கல்லுடைப்போரும் விறகு வெட்டுவோரும் சுள்ளி பொறுக்குவோரும் மாடு மேய்ப்போரும் நடமாடிய காடு. மனிதக் கை படாத இடம் என்பதன்று, பல கைகள் பட்ட இடம் என்பதே இதன் வரலாறு.

பார்பிசோனும் பெரிய வரலாறு படைத்த ஊர் அன்று. சைலி என்னும் ஊரைச் சேர்ந்த ஒரு குக்கிராமம் அது. 1903ஆம் ஆண்டில்தான் தனி ஊராட்சி ஆயிற்று. ஊர் என்றால் ஒரே நீண்ட தெரு. தெருவின் ஒரு முனையில் கோதுமை விளையும் சமவெளி, மறுமுனையில் காடு. தெருவின் வழியே நடந்தால் நேரே பெருமரங்களின் நிழலுக்குள் புகுந்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தெருவில் கான் என்பவரும் அவர் மனைவியும் மளிகைக் கடையோடு சேர்ந்த ஒரு விடுதி நடத்தினர். பாரிஸிலிருந்து வந்த ஏழை ஓவியர்கள் அங்கே தங்கினர். மழை பெய்யும் நாட்களில் சுவர்களிலும் அலமாரிக் கதவுகளிலும் படம் வரைந்தனர். அவ்விடுதி இன்று அருங்காட்சியகம். அச்சித்திரங்களை இன்றும் காணலாம்.

அதுவரை இயற்கைக் காட்சி என்பது புராணக் கதைக்கோ வரலாற்றுக் கதைக்கோ பின்புலமாக மட்டுமே மதிக்கப்பெற்றது. அதையும் ஓவியக் கூடத்தில் அமர்ந்தே முடித்தார்கள். இவ்வோவியர்களோ மரத்தை மரத்துக்காகவே வரைந்தனர். அவர்களுள் முதன்மையானவர் தெயோடோர் ரூஸோ. தத்துவ அறிஞர் ரூஸோ வேறு, இவர் வேறு. அரசு சார்ந்த ஆண்டுக் கண்காட்சி பலமுறை இவர் ஓவியங்களைத் திருப்பி அனுப்பியது. இவர் ஓர் ஓக் மரத்தை, ஒரு மனிதரின் முகத்தை எழுதுவது போல எழுதினார்.

அக்காலத்திலேயே காட்டுக்கு இரு பக்கமிருந்தும் இடர் வந்தது. ஒருபுறம் வனத்துறை பழைய மரங்களை வெட்டி விற்றது. மறுபுறம் வெறுமையாகக் கிடந்த மணல்வெளிகளில் விரைந்து வளரும் பைன் மரங்களை ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் நட்டது. வருவாய்க் கணக்குப் பார்ப்பவர்க்கு அது சீர்திருத்தம். ஓவியர்க்கு அது அழிவு. நட்ட நாற்றுகளைச் சில ஓவியர்கள் பிடுங்கி எறிந்தனர் என்றும் சொல்வதுண்டு. ரூஸோ 1847ஆம் ஆண்டில் மரங்கள் வெட்டப்படும் காட்சியை வரைந்து, ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்ற விவிலியக் கதையை நினைவூட்டும் வகையில் ‘மாசற்றோர் படுகொலை’ என்று பெயரிட்டார். அவ்வோவியத்தை அவர் முடிக்கவே இல்லை. முடிவுறாத நிலையிலேயே அது இன்று ஹேக் நகரில் இருக்கிறது.

அவர் அத்துடன் நின்றிருந்தால் நாம் அவரை நல்ல ஓவியர் என்று மட்டுமே நினைவுகொள்வோம். 1852ஆம் ஆண்டில் அவர் ஆட்சியாளர்க்கு மனு எழுதினார். ஓவியர்களின் மாதிரிகளாக விளங்கும் பழஞ்சோலைகளையேனும் கோடரிக்குத் தப்ப விட வேண்டும் என்பது வேண்டுகோள். 1853ஆம் ஆண்டில் 624 ஹெக்டேர் வெட்டுக்கு விலக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணை அப்பரப்பை 1,097 ஹெக்டேராக விரித்தது. ‘கலைப் பகுதி’ என்பதே அரசு ஆவணத்தில் அதற்கு இடப்பட்ட பெயர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தது 1872ஆம் ஆண்டில். அதற்குப் பதினோராண்டு முன்னரே, அழகு என்னும் ஒரே காரணத்துக்காக ஒரு நிலப்பகுதிக்குச் சட்டக் காப்புக் கிடைத்துவிட்டது. ஓவியம் மனுவாயிற்று, மனு ஆணையாயிற்று. கலையால் ஆவது என்ன என்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இனி, மலருக்கு உரியவரைக் காண்போம். கிளோத் பிரான்சுவா தெனெக்கூர் முதலாம் நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். பின்னாளில் ஃபோந்தென்புளோ நகரில் குடியேறி, 1842ஆம் ஆண்டு தொடங்கிக் காட்டில் நடைபாதைகள் வகுக்கலானார். மரங்களிலும் பாறைகளிலும் நீல வண்ண அடையாளம் தீட்டினார். மரங்களுக்கும் பாறைகளுக்கும் குகைகளுக்கும் பெயர் சூட்டினார். வழிகாட்டி நூல்கள் எழுதி விற்றார். அவர் வகுத்த பாதைகள் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். 1849ஆம் ஆண்டில் இரயில் வந்தது. பாரிஸ் மக்கள் காலையில் ஏறி வந்து, நீலக் குறிகளைப் பின்பற்றி நடந்து, மாலையில் வீடு திரும்பலாயினர். மன்னர்க்குரியதாய் இருந்த காடு, கால் உள்ள எவர்க்கும் உரியதாயிற்று. தனிமை நாடிய ஓவியர்களுக்கு இந்தக் கூட்டம் உவப்பாக இல்லை. ஆனால் காட்டை நேசிப்போர் தொகை பெருகாமல், காட்டுக்காகக் குரல் கொடுப்போர் தொகை பெருகுமா?

அம்மலரில் ஒரு விந்தை உண்டு. எல்லாரும் காட்டைப் போற்றி எழுத, போதலேர் மட்டும் மறுத்தார். தாவரங்களைக் கண்டு உருகும் மனம் தமக்கு இல்லை என்றும், காட்டின் நடுவே நின்றாலும் தமக்கு நகரங்களே நினைவுக்கு வருகின்றன என்றும் பொருள்பட ஒரு மடல் எழுதி, நகரத்து அந்திப்பொழுதைப் பற்றிய ஆக்கங்களை அனுப்பினார். மலர்க் குழுவினர் மடலையும் சேர்த்தே அச்சிட்டனர். அவ்வாக்கங்களுள் இரண்டு உரைநடையில் அமைந்தவை. போதலேர் முதன்முதலாக அச்சேற்றிய உரைநடைக் கவிதைகள் அவையே. காட்டைப் போற்றும் மலரில், காட்டைப் பாட மறுத்தவரின் பக்கத்தில் ஒரு புதிய கவிதை வடிவம் பிறந்தது. மறுப்புக்கும் இடம் தந்த அப்பெருந்தன்மையை மலர் வெளியிடும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுகாறும் காப்பாற்றியவர்களைப் பற்றிப் பேசினேன். படத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1827ஆம் ஆண்டின் பிரெஞ்சு வனச் சட்டம், காட்டோரச் சிற்றூர் மக்கள் வழிவழியாகத் துய்த்துவந்த மேய்ச்சல் உரிமையையும் விறகு உரிமையையும் நாடெங்கும் இறுக்கியது. ஓவியர்க்கு நிழலாய் இருந்த மரம், ஏழைப் பெண்ணுக்குக் குளிர்கால அடுப்பு. அவள் மனு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஆணையாகியிருக்குமா என்பது ஐயமே.

அவளைக் கண்ட கண் ஒன்று பார்பிசோனில் இருந்தது. நார்மண்டியில் உழவர் குடியில் பிறந்த மில்லே, 1849ஆம் ஆண்டில் பாரிஸில் காலரா பரவியபோது குடும்பத்துடன் இங்கே வந்தவர், 1875ஆம் ஆண்டில் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். ஊரில் மற்றவர்கள் காட்டை நோக்கி நடந்தபோது, அவர் தெருவின் மறுமுனையிலிருந்த வயலையும் நோக்கினார். 1857ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்த ‘கதிர் பொறுக்குவோர்’ ஓவியத்தில் மூன்று பெண்கள். இருவர் முதுகு வளைந்து குனிந்திருக்கின்றனர். மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். தொலைவில் மலைபோல் குவிந்த வைக்கோற் போர்களும், வண்டியும், குதிரைமேல் மேற்பார்வையாளனும். அறுவடை அவர்களுடையதன்று; சிந்திய கதிர் மட்டுமே அவர்களுடையது. அதில் கலகத்தின் நிழலைக் கண்டு அஞ்சிய திறனாய்வாளரும் உண்டு. 1859ஆம் ஆண்டில் அவர் வரைந்த ‘மரணமும் விறகுவெட்டியும்’ ஓவியத்தைக் கண்காட்சி ஏற்க மறுத்தது. மரத்தை அழகாய் வரைந்தால் ஆணை பிறந்தது. விறகு சுமந்தவனை வரைந்தால் கதவு அடைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

இவ்விரு பார்வைகளையும் ஒன்றாய் இணைக்க முயன்றவர் ஜார்ஜ் சாண்ட். 1872ஆம் ஆண்டில் இக்காட்டுக்கு மீண்டும் இடர் நேர்ந்தபோது அவர் எழுதிய கட்டுரை, கலைஞர்க்காக மட்டும் காட்டைக் காப்பது போதாது என்று வாதிட்டது. காட்டின் அழகு எல்லார்க்கும் பொது. மரங்கள் மறைந்தால் மண் வறளும், மனிதனும் வறள்வான் என்பது அவர் கருத்தின் சாரம். அழகு என்னும் காரணத்தினின்று உயிர் என்னும் காரணத்துக்கு வாதம் நகர்ந்த இடம் அது. 1948ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தோற்றுவிக்கப்பட்டதும் இதே ஃபோந்தென்புளோவில்தான் என்பது பொருத்தமான தொடர்ச்சி.

காடும் தன் பங்குக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1853ஆம் ஆண்டு முதல் வெட்டாமல் விடப்பட்ட இடங்களுள் ஒன்று லா தில்லே என்னும் சோலை. ஓவியர்கள் நேசித்தவை ஓங்கிய ஓக் மரங்கள். கோடரி விலகியதும் நிழலில் முளைக்கவல்ல பீச் கன்றுகள் மேலெழுந்தன. ஒளி வேண்டும் ஓக் கன்றுகளுக்கு இடமில்லாமற் போயிற்று. இன்று அங்கே பீச் மரங்களே மேலோங்கி நிற்கின்றன. விழுந்த மரங்களும் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்து, வண்டுகளுக்கும் காளான்களுக்கும் இல்லமாகின்றன. ஓவியர்கள் படத்தைக் காக்க விழைந்தனர். காத்ததோ ஓர் உயிரை. உயிர் படத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை.

இன்று அக்காட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள். தெனெக்கூரின் பாதைகளில் காலடிகள் மணலை அரிக்கின்றன. நேசிப்போரின் கால்களினின்றும் காக்க வேண்டிய நிலைக்குக் காடு வந்துவிட்டது.

அன்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். பாடினால் அழகு காக்கப்படுமா? பாடினால் மட்டும் காக்கப்படாது. பாடியவர் மனுவும் எழுதினார், பாதையும் வகுத்தார், ஆகவே காக்கப்பட்டது. யாருக்காக? முதலில் கலைஞர்க்காக, பின்னர் உலாவ வந்த நகரத்தார்க்காக, காலம் கடந்தே காட்டின் உயிர்களுக்காக. சுள்ளி பொறுக்கிய பெண்ணுக்காக என்று எழுதிய ஆணை எதுவும் இல்லை. அவள் மில்லேயின் திரைச்சீலையில் மட்டுமே இடம்பெற்றாள்.

நம் கவிஞர்கள் நிலத்தைப் பாடும்போது இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்துவார்களாக. ஒரு மரத்தைப் பற்றி எழுதிய கை, அம்மரத்துக்காக ஒரு விண்ணப்பத்திலும் கையெழுத்திடட்டும். அம்மரத்தடியில் சுமையோடு நிற்பவர் யார் என்பதையும் அக்கவிதை காணட்டும்.