கண்ணில் படாத பூச்சி



"எங்கட நாய்க்குப் பூச்சி இல்லை, நாங்கள் ஒருநாளும் கண்டதில்லையே!" நாய் வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. நாய், பூனையின் குடலில் இருக்கிற புழுக்களில் சில கண்ணில் படும். மிகவும் பொல்லாதது படவே படாது. எது தெரியும், எது தெரியாது, தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் தெரிகிறவை. பிறந்து ஒரு மாதமான நாய்க்குட்டி ஒன்று. நன்றாகத் தின்கிறது. ஆனாலும் விலா எலும்பை எண்ணலாம். வயிறு மட்டும் உப்பித் தொங்குகிறது. மயிரில் மினுக்கம் இல்லை. ஒருநாள் சத்தி எடுக்கும்போது வெளிர் நிறத்தில், 10 சென்ரிமீற்றர் அளவில் புழு சுருண்டு விழுகிறது. இது வட்டப்புழு. வளவு மண்ணை நக்கித்தான் வந்தது என்றில்லை. தாய் நாயின் தசைக்குள் அடங்கிக் கிடந்த புழுக்குஞ்சுகள், அது சினைப்பட்டதும் வெளிக்கிட்டு, வயிற்றுக்குள்ளேயே குட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பாலிலும் போகும். பூனைக்குட்டிக்குத் தாயின் பால்தான் வழி. ஆகவே தாய் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துக் குட்டிக்கும் குறையில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது நாடாப்புழு. இது முழுதாக வெளியே வருவது அரிது; துண்டு துண்டாகக் கழன்று விழும். நாய் படுத்தெழும்பிய சாக்கிலும் பூனையின் வாலடி மயிரிலும் சோற்றுப் பருக்கை போல ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக விழுந்தது மெல்ல நெளியும். இதைக் கொண்டுவருவது தெள்ளு. தெள்ளு கடிக்கிற இடத்தை நாய் பல்லால் கோதும்போது தெள்ளையும் விழுங்கிவிடுகிறது. தெள்ளின் வயிற்றுக்குள் இருக்கிற புழு, நாயின் குடலில் வளரத் தொடங்குகிறது. தெள்ளை ஒழிக்காமல் குளிசை மட்டும் கொடுத்தால் சில கிழமைகளில் பழைய நிலைதான். மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் எலியும் தவளையும் பிடித்துத் தின்கிற பூனைகளுக்கு வேறு இன நாடாப்புழுக்களும் தொற்றலாம்.

நாய் பின்புறத்தை நிலத்தில் தேய்த்து இழுபட்டால் உடனே "பூச்சி" என்போம். பெரும்பாலும் அது பூச்சியாக இருப்பதில்லை. மலவாசலின் இரு பக்கத்திலும் இருக்கிற சிறு சுரப்பிகள் அடைபட்டாலும் நாய் இப்படித்தான் செய்யும். வைத்தியரிடம் காட்டினால் தெரிந்துவிடும்.

இனி, கண்ணில் படாதது. கொளுக்கிப் புழு ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும். சிறுகுடலின் சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிக்கும். ஒரே இடத்தில் இருக்காது. இடம் மாறி மாறிக் கடிக்கும். விட்டுவந்த காயம் தொடர்ந்து கசியும். நாயின் முக்கியமான கொளுக்கிப் புழு இனம் ஒன்று தாய்ப்பால் வழியாகவும் குட்டிக்குப் போகும். அப்படித் தொற்றிய குட்டி, மலத்தில் ஒரு முட்டைகூட வரமுன்னே இரத்தம் வற்றிச் செத்துப்போகலாம். அதன் மலத்தை எத்தனை தரம் கிளறிப் பார்த்தாலும் புழு இராது.

பார்க்க வேண்டிய இடம் வாய். மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். முரசு நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒருக்கால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளிறி வெள்ளைத்தாளாக இருந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். சில நாய்களுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். மலம் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போவதும், பால் குடிக்கிற இடத்தில் ஒரு குட்டி மட்டும் பின்தங்கிச் சோர்ந்து கிடப்பதும் இதே சங்கதியைத்தான் சொல்கின்றன.

வளர்ந்த நாய், பூனைக்கு மலப் பரிசோதனை உண்டு. அன்று போன மலத்தில் கொஞ்சத்தை மூடியுள்ள சுத்தமான போத்தலில் போட்டுக் கால்நடை வைத்தியரிடம் கொடுக்கலாம். அதைக் கடும் உப்புக் கரைசலில் கலக்கி வடித்து வைத்தால் கழிவு கீழே தங்கும், புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். மிதப்பதைக் கண்ணாடித் துண்டில் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எந்தப் புழு என்று சொல்லிவிடலாம்.

மருந்து விடயம் சுருக்கமானது. நாய்க்குட்டிக்கு இரண்டு கிழமையிலும் பூனைக்குட்டிக்கு மூன்று கிழமையிலும் பூச்சி மருந்தைத் தொடங்கி, பால்குடி மறக்கும் வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வளர்ந்தவற்றுக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருதரம். அளவு உடல் நிறையைப் பொறுத்தது. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். நாய்க்குப் பூசுகிற தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

கொளுக்கிப் புழு பரவுவதில் எங்கள் மண்ணுக்கும் பங்குண்டு. கல்லடியிலிருந்து காத்தான்குடி வரை, எழுவான்கரை முழுவதும் மணல். மாரி மழையில் நனைந்த, தென்னை நிழல் விழுகிற மணலில் கொளுக்கிப் புழுவின் முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு கிழமையளவில் தோலைத் துளைக்கிற குஞ்சாகிவிடும். தோலால் புழு நுழையும் என்பதைக் கண்டுபிடித்தவர், எகிப்தில் வேலை செய்த ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஆர்தர் லூஸ். புழுக்குஞ்சு இருந்த நீர் தவறிக் கையில் விழ, அந்த இடம் சிவந்து கடித்தது. பிறகு அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. அதே லூஸ்தான் 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றில் எடுத்த கொளுக்கிப் புழுவைப் புதிய இனமாக விவரித்து, அதற்குச் 'சிலானிக்கம்' என்று பெயரிட்டார். 1913இல் கிளேட்டன் லேன் என்ற வைத்தியர் வங்காளத்தில் மனிதரிடமும் அதைக் கண்டார். நாய், பூனை, மனிதர் மூன்று பேருடைய குடலிலும் முழுதாக வளரக்கூடிய புழு அது.

வேறு சில நாய், பூனைக் கொளுக்கிப் புழுக்கள் எங்களுடைய தோலுக்குள் வந்தாலும் குடலுக்குப் போக வழி தெரியாமல் தோலடியிலேயே அலையும். பாதத்தில் கடுமையாகக் கடிக்கிற, நாளுக்கு நாள் நீளுகிற, வளைந்த சிவப்புக் கோடு கண்டால் அதுதான். சொறியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள், மருந்து இருக்கிறது. வட்டப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அது பிள்ளைகளின் வாய்க்குள் போனால் குஞ்சுகள் ஈரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் போய்ப் பார்வையையே கெடுக்கலாம்.

வீடு கட்டப் பறித்து வைத்த மணல் குவியலைப் பாருங்கள். இரவில் பூனை அதில் மலம் புதைக்கும். பகலில் பிள்ளைகள் அதில் விளையாடும். ஒரு தறப்பாளால் மூடிவிடுங்கள். வட்டப்புழு முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வர இரண்டு, மூன்று கிழமை எடுக்கும். அதனால் வளவில் கிடக்கிற மலத்தை அன்றாடம் அள்ளிப் புதைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். செருப்புப் போடுவதும் சாப்பிடமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

விசர்நாய்த் தடுப்பூசி போட நாயைக் கொண்டுபோகிற அன்றைக்கே மலமும் கொண்டுபோய்க் கொடுங்கள். பூச்சி மருந்து கொடுத்த திகதியைச் சுவரில் தொங்குகிற கலண்டரில் எழுதி வையுங்கள். கிழமைக்கு ஒருதரம் நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இதற்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.