கண்டுபிடிச்சாச்சு, கட்டுப்படுத்தியாச்சா?

(மருத்துவ அணியினர், இந்நாள் மற்றும் முன்னாள் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு தொற்றா நோய்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், சிறுநீரகம் செயலிழப்பது எல்லாம் இதுக்குள்ள வருது. டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தைக் கட்சிக் கூட்டத்துல எதுக்குப் பேசணும்னு உங்கள்ல சில பேருக்குத் தோணும். ஒரு கணக்கு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி 2020இல் தமிழ்நாடு முழுவதும் 'ஸ்டெப்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 34 பேருக்கு ரத்தக்கொதிப்பு. 100க்கு 17, 18 பேருக்குச் சர்க்கரை. இந்த எண்ணிக்கை உங்களுக்கு ஆச்சரியமா இருக்காது, அவங்கவங்க வீட்டை எண்ணிப் பார்த்தாலே தெரியும். அடுத்த எண்ணைத்தான் கவனிக்கணும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. மிச்சம் இருந்த தொண்ணூறு பேரில் பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு நோய் இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சவங்கள்ல பலர் மாத்திரை சாப்பிடலை, சாப்பிட்டவங்கள்லயும் பலருக்கு அளவு இறங்கலை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த சகோதரிகள் பையில் பி.பி. கருவியோட வீடு வீடாப் போனாங்க. 2023-24இல் இரண்டாவது சுற்று ஆய்வு நடந்தப்போ, கட்டுப்பாட்டில் இருந்தவங்க இரண்டு நோயிலும் 17 சதவீதம் அளவுக்கு வந்திருந்தாங்க. ரத்தக்கொதிப்பில் அது இரண்டு மடங்குக்கு மேல். நல்ல முன்னேற்றம், அதை மறைச்சுப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனா அந்த ஆய்விலும் 100 பேருக்கு 83 பேர் கட்டுப்பாட்டில் இல்லை. அவங்கதான் நாளைக்கு டயாலிசிஸ் வார்டில் இருப்பாங்க.

டயாலிசிஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வாரத்துக்கு இரண்டு, மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோட படுத்திருக்கணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் கிடைச்சிடுது. பஸ் செலவு யார் கொடுக்கிறது? போற நாள் கூலி போச்சு, கூட வர்ற மனைவியோட கூலியும் போச்சு. பத்து வருஷம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருந்தா வந்திருக்காத நிலைமை இது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி அனுப்புற மாத்திரைதான்.

இங்கே அரசியலும் கொஞ்சம் பேசணும். 2007இல் ஓர் ஆட்சியில், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்தக்கொதிப்புக்கும், தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் சோதனை முறையில் பரிசோதனை தொடங்கினாங்க. 2012இல் இன்னொரு ஆட்சியில் அது மாநிலம் முழுக்கப் போச்சு. 2021இல் ஆட்சி மாறின பிறகு அது வீட்டு வாசலுக்கு வந்தது. இது யாரோட திட்டம்னு டீக்கடையில் சண்டை போடுறவங்க இந்த மூணு வருஷத்தையும் சேர்த்துப் படிக்கணும். நான் எதிர்க்கட்சிக்காரங்களைப் பாராட்டினேன்னு நாளைக்கு யாராவது வீடியோவை வெட்டிப் போடுவாங்க, போடட்டும்.

சரி, அந்த 83 பேர் ஏன் கைக்கு வரலை? மருத்துவத் துறை வேலை செய்யலைன்னு சொல்ல மாட்டேன். அந்தத் துறை தனியா வேலை செய்யுதுங்கிறதுதான் பிரச்சினை. தன்னார்வலர் சகோதரி காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டும்போது வீட்டில் அம்மா இருக்காங்க, பாட்டி இருக்காங்க. ஆம்பளை வேலைக்குப் போயாச்சு. திருப்பூர் பனியன் கம்பெனியில் நிக்கிறவர், செங்கல் சூளைக்குப் போனவர், கடலுக்குப் போனவர், லாரி ஓட்டுறவர் யாரும் அந்தப் பட்டியலுக்குள்ள வர்றதில்லை. அவர் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டு முடிஞ்சிருக்கும். தொழிலாளர் துறையும், கம்பெனி நிர்வாகமும், போக்குவரத்துத் துறையும் கூட நிக்காம இந்த ஆளைப் பிடிக்க முடியாது. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்'னு 2024இல் தொடங்கியிருக்காங்க. அது பெரிய தொழிற்சாலையோட நின்னுடாம, பத்துப் பேர் வேலை செய்யுற பட்டறைக்கும் போகணும்.

சாப்பாட்டுக்கு வருவோம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன். நம்ம இலையில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மேல மிக்சர். டாக்டர் "உப்பைக் குறைங்க"ன்னு சொல்லி அனுப்பிடுறார். ஆனா நியாயவிலைக் கடையில் என்ன கிடைக்குது, பள்ளிக்கூட வாசல்ல என்ன விக்குது, பேக்கரியில் எந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுறாங்கங்கிறதெல்லாம் டாக்டர் கையில் இல்லை. அது உணவு வழங்கல் துறை, பள்ளிக்கல்வித் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை. நீலகிரியிலும் தர்மபுரியிலும் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறாங்க. நல்ல யோசனை. இது எல்லா மாவட்டத்துக்கும் வரணும்னு நாம கேட்கணும். கேழ்வரகு விளைவிக்கிற விவசாயிக்கும் அது வருமானம்.

பின்லாந்து நாட்டில் வடக்கு கரேலியான்னு ஒரு மாகாணம். பால், வெண்ணெய், இறைச்சி எல்லாம் தாராளமாப் புழங்குற ஊர். ஆம்பளைங்க நடுத்தர வயசுலயே மாரடைப்பில் செத்துக்கிட்டு இருந்தாங்க. 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கினாங்க. அவர் ஆஸ்பத்திரியோட நிறுத்தலை. இல்லத்தரசிகள் சங்கத்தோட சேர்ந்து சமையலை மாத்தினார். சாசேஜ் கம்பெனிக்காரங்ககிட்ட பேசிக் கொழுப்பைக் குறைக்க வச்சார். பால் பண்ணைக்காரங்க நஷ்டப்படாம இருக்க பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழி காட்டினாங்க. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சது. ஊரே சேர்ந்து இழுத்த தேர் அது.

நம்மகிட்ட இழுக்க ஆள் இல்லையா? இதுக்குன்னு புதுசா ஒரு கமிட்டி வேண்டாம், இருக்கிற கமிட்டிகளுக்கே நாற்காலி பத்தலை. மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் இருக்கு. அந்த மேசையில் தொழிலாளர், பள்ளிக்கல்வி, உணவு வழங்கல், உள்ளாட்சி, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் உட்காரணும். எத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை பண்ணோம்ங்கிற கணக்கு விளம்பரத்துக்கு உதவும். அங்கே பேச வேண்டியது, இந்த வட்டாரத்தில் 100 நோயாளிக்கு எத்தனை பேர் கட்டுப்பாட்டில் இருக்காங்க, போன காலாண்டில் எத்தனை பேர்ங்கிற ஒரே எண்தான்.

இதைக் கேட்க வைக்கிறது நம்ம வேலை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கு, குடிநீர் பத்திக் கேட்கிற மாதிரி, "நம்ம ஊர்ல எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கு, மாத்திரை தட்டுப்பாடு இருந்துச்சா?"ன்னு சுகாதார நிலைய அலுவலர்கிட்ட ஒருத்தர் எழுந்து கேளுங்க. தனி ஆளோட பேரும் நோயும் பொதுவில் வேண்டாம், எண்ணிக்கை போதும். நகரத்தில் இருக்கிறவங்க வார்டு கூட்டத்தில் கேளுங்க. மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு வேணும்னு தீர்மானம் போடுங்க.

மகளிரணிச் சகோதரிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. வீடு வீடாப் போற தன்னார்வலர் பெரும்பாலும் உங்க குழுவிலிருந்து போனவங்கதான். மாசம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் வெயிலில் நடக்கிறாங்க. அவங்களுக்குப் பணி நிரந்தரமும் நியாயமான ஊதியமும் கேட்டு நம்ம கட்சி பேசணும். இதை நான் மாநிலக் குழுவிலும் சொல்லியிருக்கேன்.

"எனக்குத் தலை சுத்தலே இல்லை, எதுக்கு மாத்திரை"ன்னு கேட்கிற ஆள் நம்ம கிளைச் செயலாளர்களிலேயே இருக்கார். ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது தோழரே. மண்டபத்துக்குப் பின்னால மருத்துவ அணி நாலு மேசை போட்டிருக்காங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் பி.பி. பார்த்துட்டுப் போங்க. 140/90ஐத் தாண்டினவங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாங்க, அவங்க இந்த வாரமே உங்க ஊர் சுகாதார நிலையத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கணும். வரிசையில் மாவட்டச் செயலாளர்கள் முதல்ல நிக்கணும்னு கேட்டுக்கிறேன். டீயில் சர்க்கரை தனியா வச்சிருக்கு, வேணும்கிறவங்க போட்டுக்கலாம்.