அபினடிமையும் போர்த்துகல் சர்க்காரும்



அபினுக்கு அடிமையானவனைப் பற்றி நம் ஜனங்களுக்குள்ள அபிப்பிராயம் என்ன? ஒன்று, அவன் தலைவிதி என்கிறார்கள். அல்லது, அயோக்கியன், ஜெயிலில் போடு என்கிறார்கள். விதி என்றால் வைத்தியருக்கு வேலையில்லை. அயோக்கியன் என்றாலும் வைத்தியருக்கு வேலையில்லை. ஆகவே இரு கட்சிக்காரரும் போய்ச் சேருகிற இடம் ஒன்றேதான். அப்படியில்லாமல், இது ஒரு வியாதி என்று வைத்துச் சட்டத்தையே மாற்றிப் பார்த்த போர்த்துகல் தேசத்தைப் பற்றிச் சொல்லுகிறேன்.

அது சுமார் ஒரு கோடி ஜனங்களுள்ள சிறு தேசம். 1974-ல் அங்கு சர்வாதிகாரம் ஒழிந்த பிறகு, அபினிலிருந்து செய்யப்படும் ஹெராயின் உள்ளே புகுந்தது. 1990-களின் கடைசியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் அதை உபயோகித்ததாகக் கணக்கிட்டார்கள். லிஸ்பன் நகரில் காசல் வென்டோசோ என்ற பேட்டையில் பட்டப்பகலில் வியாபாரம் நடந்தது. ஒருவன் குத்திக்கொண்ட ஊசியையே மற்றவனும் குத்திக்கொண்டதால் எய்ட்ஸ் கிருமியும் பரவிற்று. போலீசு பிடித்தது, கோர்ட்டு தண்டித்தது, வியாதி குறைந்தபாடில்லை.

சர்க்கார் 1998-ல் ஒரு நிபுணர் கமிட்டியை நியமித்தது. அதன் யோசனையை ஒட்டி வந்த சட்டம் 2001 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. விற்பவனுக்கு ஜெயில் அப்படியே இருக்கிறது. ஆனால் பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாமல் வைத்திருப்பவன் கிரிமினல் கோர்ட்டுக்குப் போவதில்லை. மூன்று பேர் கொண்ட கமிட்டி முன் போகிறான். சட்டம், வைத்தியம், சமூக ஊழியம் முதலியவைகளில் பழகினவர்கள் அதிலிருந்து, அவன் அடிமையாகிவிட்டானா, வேலை உண்டா, வீடு உண்டா என்று விசாரிக்கிறார்கள். அடிமையானவனுக்கு வைத்தியசாலைக்கு வழி காட்டுகிறார்கள், பலவந்தமில்லை. மெதடோன் என்ற மருந்தை வண்டியில் வைத்து அவன் இருக்கிற தெருவுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பழைய ஊசியைக் கொடுத்தால் மருந்துக் கடையில் புது ஊசி கொடுக்கும் ஏற்பாடோ, 1993-லேயே ஆரம்பித்ததாகும்.

"மெதடோனும் அபின் ஜாதிதானே, ஒரு போதைக்கு மற்றொரு போதையா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். ஜாதி ஒன்றுதான். ஆனால் வைத்தியர் அளந்து கொடுக்க வாயால் சாப்பிடுவது அது; மெதுவாக வேலை செய்து ஒரு நாள் முழுதும் நிற்கும்; நடுக்கமும் வலியும் வராமல் தடுக்கும். சாப்பிட்டவன் மயங்கிக் கிடக்காமல் வேலைக்குப் போகிறான். நீரிழிவுக்காரன் தினம் இன்சுலின் போட்டுக்கொண்டால் அவனை அடிமை என்று யாராவது பரிகசிக்கிறோமா?

தண்டனையை எடுத்தால் ஊரே கெட்டுவிடும், வெளிதேசத்துப் போதைக்காரரெல்லாம் லிஸ்பனில் வந்து குவிவார்கள் என்று அன்று பயமுறுத்தினார்கள். அப்படி யாரும் வந்து குவியவில்லை. ஊசியால் புதிதாக எய்ட்ஸ் கிருமி தொற்றியதாகக் கண்டவர்கள் 2001-ல் ஆயிரத்துக்கு மேல். 2012-ல் நூற்றுக்கும் குறைவு. ஜெயில் பயமில்லாததால் ஒளிந்திருந்தவன் வைத்தியரிடம் வந்தான். இதில் மாயமொன்றுமில்லை.

ஆனால் சட்டத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்லுகிறார்கள். பண நெருக்கடி வந்ததும், 2012-ல், இந்த வேலை முழுவதையும் ஒரே கையில் நடத்திவந்த ஸ்தாபனத்தைச் சர்க்கார் கலைத்து, வைத்தியப் பொறுப்பைப் பிரதேச நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. என்றாலும் வைத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று என்று அந்தத் துறையில் வேலை செய்தவர்களே குறை சொன்னார்கள். போர்ட்டோ நகரத்தார் தெருவில் மறுபடி ஊசி கிடப்பதாக முறையிட்டார்கள். பிறகுதான், 2024 ஆரம்பத்திலிருந்து, வைத்தியமும் தடுப்பு வேலையும் மீண்டும் ஒரே தேசிய ஸ்தாபனத்தின் கீழ் வந்தன.